அடுத்த பறப்புக்கு முன் என்ன நடக்கிறது? ஸ்டார்ஷிப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் ஏ.எல். மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஸ்டார்ஷிப் ரொக்கெட் பறந்தாலும் சரி வெடித்தாலும் சரி, அடுத்த நாள் வகுப்பு முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்தில் ஒரு கூட்டம் நிற்கும். பெடியள் மட்டுமில்லை. ஒழுங்கை முகப்பில் வெல்டிங் கடை வைத்திருக்கிற அண்ணை, கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் சித்தப்பா, வீட்டில் அம்மா என்று எல்லோருக்கும் சந்தேகம் இருக்கிறது. ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். 'பறப்பு 1' என்பது 2023 ஏப்ரல் 20, 'பறப்பு 11' என்பது 2025 ஒக்ரோபர் 13. நான் சொல்வதெல்லாம் இந்தப் 11 பறப்புகளை வைத்துத்தான்.

சேர், உது நாசாவின்ர ரொக்கெட்டோ?

இல்லை, ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தினது. நாசா அதன் வாடிக்கையாளர்களில் ஒன்று. நிலவில் ஆட்களை இறக்கும் கலமாக ஸ்டார்ஷிப்பின் ஒரு வடிவத்தை 2021 ஏப்ரலில் நாசா தெரிவு செய்தது. கட்டுவதும் ஏவுவதும் டெக்சாஸின் தென்முனையில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய பொக்கா சிக்கா கடற்கரையில். 2025 மே மாதம் அங்கிருப்பவர்கள் வாக்களித்து அந்த இடத்தை ஸ்டார்பேஸ் என்ற பெயரில் ஒரு நகரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

எவ்வளவு உயரம்? வீடியோவில பார்க்கச் சின்னனாத் தெரியுது.

120 மீற்றருக்குச் சற்று மேல். நன்றாக வளர்ந்த நாலு பனையை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால் வரும். குறுக்களவு 9 மீற்றர். எங்கள் தோட்டக் கிணறு இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வாய் வரும்.

இரண்டு துண்டுகள். கீழே 33 இயந்திரங்களோடு பூஸ்டர், மேலே 6 இயந்திரங்களோடு கப்பல். ('ஷிப்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அதனால் நானும் கப்பல் என்றே எழுதுகிறேன்.) புறப்படும்போது கிடைக்கும் உதைப்பு, மனிதரை நிலவுக்கு அனுப்பிய சற்றேர்ன் 5 ரொக்கெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

என்ன எண்ணெய் அடிக்கிறாங்கள்?

திரவ மெதேனும் திரவ ஒட்சிசனும். குசினியில் எரிக்கிற காஸ் வேறு, அது புரொப்பேனும் பியூட்டேனும். மெதேன் எரியும்போது மண்ணெண்ணெய் போலக் கரி பிடிக்காது. ஒரே இயந்திரத்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்க நினைப்பவனுக்கு அது பெரிய விஷயம்.

முதல் வடிவத்தில் இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4,600 தொன் பிடிக்கும். 13,200 லீற்றர் பௌசரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 400 பௌசர் அளவு வருகிறது. 2022இல் ஒரு பௌசர் வருகிறதாம் என்ற கதையை நம்பி இரவிரவாகக் கியூவில் நின்ற ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அவ்வளவையும் புறப்படுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பி முடிக்கிறார்கள். ஏன் அந்த அவசரம் என்பது 40 செக்கன் கேள்வியில் வரும்.

தம்பி, பிளேன் எல்லாம் அலுமினியம்தானே. உவங்கள் ஏன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில செய்யிறாங்கள்?

இது வெல்டிங் கடை அண்ணையின் கேள்வி. முதலில் அவர்களும் காபன் நாரில் செய்யத்தான் போனார்கள். 2018 கடைசியில் அதைக் கைவிட்டு உருக்குக்கு மாறினார்கள். காபன் நார் விலை கூட, வேலையும் மெது. இந்த வகை உருக்கோ மறை 180 பாகைக் குளிரிலும் நொருங்காமல் உறுதியாக நிற்கும். திரும்பி வரும்போது சூடேறினாலும் அலுமினியம்போல் சீக்கிரம் இளகாது. பிழைத்தால் வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு ஒட்டலாம். ஆரம்பத்தில் திறந்த வெளியிலும் கூடாரங்களிலும் வைத்துத்தான் ஒட்டினார்கள்.

தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் என்றேன். அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நாலு மில்லியிலயோ நாலு பனை உயரம்?" என்றார். உள்ளே விறைப்புப் பட்டிகள் ஒட்டியிருக்கிறார்கள், அதோடு தாங்கிக்குள் எப்போதும் அமுக்கம் இருக்கும். காற்று அடித்த சைக்கிள் ரயரும் காற்றுப் போன ரயரும் ஒன்றா? அவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் தன் ஒட்டுக்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் போய் வந்தா அடுத்த நாளும் போகுதுதானே. உதுக்கு ஏன் மாதக்கணக்கு?

பஸ் என்றால் அதே பஸ். இங்கே பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் புது வாகனம், அதுவும் போன தடவை உடைந்ததைத் திருத்தி வரைந்த வாகனம். இடைவெளியும் ஒரே அளவில் இருந்ததில்லை. பறப்பு 5க்கும் 6க்கும் இடையில் 37 நாட்கள்தான். பறப்பு 1க்கும் 2க்கும் இடையில் ஏழு மாதம், ஏனென்றால் முதல் பறப்பு ஏவுதளத்தையே கிண்டி எறிந்துவிட்டது.

வேலையின் ஒழுங்கு ஏறத்தாழ இப்படி. வளையங்களை ஒட்டித் தாங்கி செய்வார்கள். தாங்கியைக் குளிர் திரவம் ஊற்றிச் சோதிப்பார்கள். இயந்திரம் பூட்டி, நிறுத்தி வைத்து எரித்துப் பார்ப்பார்கள். பூஸ்டரின் மேல் கப்பலைத் தூக்கி வைப்பார்கள். சில தடவைகளில் முழு எரிபொருளும் நிரப்பி, எண்ணிக்கையைக் கடைசிச் செக்கன்கள் வரை கொண்டுபோய் நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப இறக்கிவிடுவார்கள். தேருக்கு முதல் வெள்ளோட்டம் விடுவதுபோல. இந்தப் பட்டியலின் நடுவில் எது பிழைத்தாலும் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போகும். பிழைத்தும் இருக்கிறது.

எரிபொருளை விட்டுட்டு ஏன் நைதரசன் ஊத்திப் பார்க்கினம்?

திரவ நைதரசன் மறை 196 பாகை. ஒட்சிசனைவிடவும் குளிர், ஆனால் எரியாது. தாங்கி கசிந்தாலோ பிளந்தாலோ புகைபோல ஆவி பறக்கும், தீப்பிடிக்காது. பெரிய வைத்தியசாலைகளின் பின்பக்கத்தில் உயரமான வெள்ளை ஒட்சிசன் தாங்கியைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடிக்குழாய்களில் நல்ல வெயிலிலும் வெண்பனி படிந்திருக்கும். கிட்டத்தட்ட அதே குளிர்தான். உருக்கு அந்தக் குளிரில் சுருங்கும், ஒட்டு இழுபடும். கெட்ட ஒட்டு இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். சில சோதனைகளில் கீழிருந்து நீரியல் ஆடுதண்டுகளால் தள்ளி, இயந்திரங்கள் உதைக்கும் விசையையும் கொடுத்துப் பார்ப்பார்கள்.

'ஸ்டாட்டிக் பயர்' எண்டா கட்டி வைச்சுக் கொளுத்துறதோ?

ஓம், அதேதான். வாகனத்தை இறுக்கிப் பிடித்து வைத்து, இயந்திரங்களைச் சில செக்கன்கள் எரித்துப் பார்ப்பது.

அந்தச் சில செக்கன்கள் ஒருமுறை ஒரு நிமிடமாக நீண்டதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பறப்பு 7இல் கப்பல் மேலே போகும்போது, தரையில் சோதித்தபோது கண்டதைவிடப் பலமாக அதிர்ந்தது. அந்த அதிர்வில் கசிவு வந்து, தீப்பிடித்து, கப்பல் போய்விட்டது. பரிவு என்று ஏ.எல்.இல் படிப்பிக்கிறோமே, ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் உயர உயரப் போகும் என்று, அது எரிபொருள் குழாயில் நடந்தால் இதுதான் விளைவு. ஆகவே பறப்பு 8க்கு முதல் கப்பலை 60 செக்கன் எரித்து, உதைப்பைக் கூட்டிக் குறைத்து, அதிர்வை அளந்தார்கள். பறப்பு 8இலும் கப்பல் ஏறத்தாழ அதே கட்டத்தில் போனது, ஆனால் வேறு காரணத்தால். இம்முறை ஓர் இயந்திரத்தில் பழுது. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டை தெரிகிறது.

பறக்காமலே ஒண்டு வெடிச்சதே, அது என்ன?

2025 ஜூன் 18. ஸ்டாட்டிக் பயருக்காக எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் சோதனைத் தளத்திலேயே வெடித்தது. இயந்திரம் பற்றவே இல்லை. காரணம் மூக்குப் பகுதியில் இருந்த ஓர் உயர் அமுக்க வாயுக் கொள்கலன். உள்ளே நைதரசன், வெளியே காபன் நார் சுற்று. சுற்றுக்குள் ஏற்பட்ட சேதம் கண்ணில் படாமல் இருந்து, அமுக்கம் ஏறியபோது விட்டுக்கொடுத்தது. ஒருவருக்கும் காயமில்லை, ஏனென்றால் எரிபொருள் ஏற்றும் நேரம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளே நிற்கக்கூடாது.

என்னைக் கேட்டால் 11 பறப்புகளையும்விட இதுதான் படிப்பினைக்குரிய சம்பவம். 33 இயந்திரங்களை ஒரே நேரத்தில் கொளுத்தக்கூடிய ஆட்களை ஒரு வாயுக் கொள்கலன் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 21இல், மூன்றாம் வடிவத்தின் முதல் பூஸ்டர் வாயுத் தொகுதியின் அமுக்கச் சோதனையில் பக்கம் பிளந்து போனது. அதில் எரிபொருளும் இல்லை, இயந்திரமும் பூட்டவில்லை.

அடியில ஏன் அவ்வளவு தண்ணி அடிக்கினம்?

பறப்பு 1இல் அடியில் இருந்தது வெறும் கொங்கிறீட். 33 இயந்திரங்களின் அனலும் அதைக் கிண்டிக் கட்டி கட்டியாகக் கடலுக்குள் வீசின. பறப்பு 2இலிருந்து 11 வரை அந்த இடத்தில் துளைகள் போட்ட தடித்த உருக்குத் தட்டு இருந்தது. துளைகளால் தண்ணீர் மேல்நோக்கிப் பீறிடும். குளியலறை ஷவரைக் கவிழ்த்து வைத்ததுபோல. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகும், சத்தத்தின் அடியையும் குறைக்கும். ஏவுதளத்தையும் ரொக்கெட்டைப்போலச் சோதிக்கவேண்டும் என்பதை அந்தக் குழி படிப்பித்தது.

கறுப்பா ஒட்டியிருக்கிறது என்ன? விழுந்து விழுந்து போகுதே.

வெப்ப ஓடுகள். கப்பலின் வயிற்றுப் பக்கத்தில் ஏறத்தாழ 18,000, ஒவ்வொன்றும் அறுகோணம். திரும்பி வளிமண்டலத்துக்குள் நுழையும்போது உருக்கைக் காப்பவை இவைதான்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். மாரிக்கு முதல் ஏணி வைத்து ஏறி, விலகினதைத் தட்டி, வெடித்ததை மாற்றி, பூனை ஓடின இடத்தைத் திரும்ப அடுக்கி முடித்தாலும், முதல் மழையில் ஒரு மூலையில் ஒழுகத்தான் செய்யும். ஸ்டார்பேஸில் தூக்கி மேடையில் ஏறி நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பவர்களைக் காணொளியில் கண்டால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும். உருக்கு குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும். ஆனால் ஓடு அப்படி வளையாது. அதனால் இடைவெளி விட்டே பூட்டவேண்டும், விட்ட இடைவெளியால் சூடும் புகுந்துவிடும்.

அதோடு, பறப்பு 10இலும் 11இலும் சில இடங்களில் வேண்டுமென்றே ஓட்டைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பினார்கள். எவ்வளவு தாங்கும் என்று பார்க்க. நேரலையில் வெற்று உருக்கைக் கண்டுவிட்டு "ஓடு விழுந்திட்டுது" என்று வட்ஸ்அப்பில் போட முதல் இதை ஞாபகம் வையுங்கள், சித்தப்பா.

கவுண்ட்டவுன் 40 செக்கனில ஏன் நிக்குது? பழுதோ?

கட்டாயம் பழுது என்றில்லை. அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வசதி வைத்திருக்கிறார்கள். அமுக்கம், வெப்பநிலை, வால்வுகள் எல்லாம் வரம்புக்குள் இருந்தால் நிற்காமலே போகும். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம். கனநேரம் முடியாது. எரிபொருளைக் கொதிநிலைக்கும் கீழே குளிரவைத்து நிரப்புகிறார்கள். குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அதே தாங்கிக்குள் அதிகம் பிடிக்கும். நிரப்பி வைத்துக்கொண்டு நின்றால் சூடேறி அந்த லாபம் போய்விடும். கடைசி ஒரு மணி நேரத்து அவசரத்துக்கும் இதுதான் காரணம்.

எங்கட நேரத்துக்கு எத்தனை மணிக்குப் பார்க்கிறது?

டெக்சாஸ் நேரத்தோடு கோடையில் பத்தரை மணியும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணியும் கூட்டுங்கள். பறப்பு 5 எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குச் சற்று முன் வந்தது, வகுப்பு முடித்துவிட்டுப் பெடியளோடு சேர்ந்து பார்த்தோம். அப்படி வாய்ப்பது அருமை, பல தடவைகள் விடியப்புறம்தான்.

அலாரம் வைத்துவிட்டு ஏமாறவும் தயாராக இருங்கள். பறப்பு 10க்கு மூன்று விடியற்காலை எழும்பினேன். முதல் நாள் தரைத் தொகுதியில் ஒட்சிசன் கசிவு. இரண்டாம் நாள் முகில். மூன்றாம் நாள், ஓகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி. மோதகம் அவிக்க எழும்பிய அம்மா, "இண்டைக்கும் விடாட்டி உந்தப் போனை நிப்பாட்டிப்போட்டு வந்து தேங்காய் துருவு" என்றார். ஐந்து மணிக்கு விட்டுவிட்டார்கள். தேங்காயும் துருவினேன்.

உள்ளுக்கையே குண்டு வைச்சிருக்காம், மெய்யோ?

மெய். பாதை விலகினால் தாங்கிகளைப் பிளந்துவிடும் வெடிமருந்து பூஸ்டரிலும் கப்பலிலும் இருக்கிறது. ஆள் இருக்கிற இடத்தை நோக்கி முழு ரொக்கெட் போவதைவிட, கடலுக்கு மேலே துண்டுகளாவது நல்லது. பறப்பு 1இல் கட்டளை போன பிறகும் ரொக்கெட் உடைய ஏறத்தாழ 40 செக்கன் எடுத்தது. அவ்வளவு நேரம் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது. மிகப் பாரதூரமான பிழை அது. அந்தத் தொகுதியைத் திருத்திக் காட்டாமல் பறப்பு 2க்குப் போக முடியவில்லை.

அப்ப ஆர் 'ஓம் விடு' எண்டு சொல்லுறது?

அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம். ரொக்கெட் வேலை செய்யுமா என்பது அவர்களுடைய கவலை இல்லை, கீழேயும் பக்கத்திலும் உள்ள ஆட்களுக்கு ஆபத்தா என்பதுதான். பிழைத்துப்போன பறப்பாக இருந்தால் விசாரணை நடந்து, காரணமும் திருத்தமும் சொல்லவேண்டும். பறப்பு 7இன் துண்டுகள் தேர்க்ஸ்-கைக்கோஸ் தீவுகளின் பக்கம் எரிந்துகொண்டு விழுந்தன. அழகான வீடியோதான், ஆனால் அந்த நேரம் வானத்தில் இருந்த பயணிகள் விமானங்களைச் சுற்ற வைத்தும் திருப்பியும் விட்டார்கள். பறப்பு 8இலும் புளோரிடாப் பக்க விமான நிலையங்கள் தடைப்பட்டன. அதன் பிறகு விமானங்களை ஒதுக்கும் பரப்பைப் பெரிதாக்கினார்கள். 2025 மே மாதம் ஆண்டுக்கு 5 என்று இருந்த ஏவுதல் எல்லையை 25ஆக உயர்த்தினார்கள்.

இந்து சமுத்திரத்தில இறக்கினமாம். எங்கட கடல்காரருக்கு ஆபத்தில்லையோ?

குருநகரில் தெரிந்த ஒருவர் கேட்டது, நியாயமான கேள்வி. இந்து சமுத்திரத்தில் கப்பலை இறக்க வைத்த இலக்கு அவுஸ்திரேலியாவின் மேற்குப் பக்கக் கடல். யாழ்ப்பாணத்திலிருந்து 3,000 கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே போகிற பாதையும் ஆபிரிக்காவின் தென்பகுதிக்கு மேலால், எங்களுக்கு மேலால் இல்லை.

எங்கள் பக்கம் விண்வெளிச் சாமான் விழவே விழாது என்றும் சொல்லமாட்டேன். 2015 நவம்பர் 13 பகலில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் ஒரு பழைய விண்வெளிக் குப்பைத்துண்டு எரிந்து விழுந்தது. விழமுதலே நாளும் நேரமும் கணித்து, அந்தக் கடலுக்கு மீன்பிடிக்கப் போகவேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள்.

குலசேகரப்பட்டினத்தில இந்தியா ஏவினா எங்களுக்குத் தெரியுமோ?

அது வேறு ரொக்கெட், ஸ்டார்ஷிப்பின் பக்கத்தில் வைத்தால் தீக்குச்சி. ஆனாலும் எங்களுக்கு அதுதான் கிட்ட. தூத்துக்குடி மாவட்டத்தில் 2024 பெப்ரவரியில் அந்த ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வானம் தெளிவாக இருந்து, இரவாகவும் இருந்தால் தென்மேற்கில் தெரியவேண்டும்.

அந்த இடத்தைத் தெரிவு செய்ததிலும் நாங்கள் சம்பந்தப்பட்டிருக்கிறோம். இந்தியாவின் பழைய ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, துருவங்களுக்கு மேலால் சுற்றும் பாதைக்கு நேரே தெற்காக விட்டால் இலங்கைக்கு மேலால் போகவேண்டும். ஆகவே முதலில் கிழக்குப் பக்கமாகப் போய்ப் பிறகு வளைகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு, சின்ன ரொக்கெட்டுக்கு அது கட்டாது. குலசேகரப்பட்டினத்திலிருந்து எங்களுக்கு மேற்கால் நேரே தெற்குக்குப் போய்விடலாம்.

கோபுரம் கையால பிடிச்சிட்டுதே. அதையே கழுவித் துடைச்சுத் திரும்ப விடலாம்தானே?

விட்டார்கள். பூஸ்டரைக் கோபுரத்தின் இரண்டு கைகளால் பறப்பு 5, 7, 8 மூன்றிலும் பிடித்தார்கள். 7இல் பிடித்ததைப் பறப்பு 9இல் அனுப்பினார்கள், 33 இயந்திரங்களில் 29 பழையவை. 8இல் பிடித்தது பறப்பு 11இல் போனது. இரண்டையும் திரும்பப் பிடிக்க முயலவில்லை, கடலை நோக்கித்தான் அனுப்பினார்கள். 9இல் போனது கடலில் இறங்குமுன்பே உடைந்தது.

பறப்பு 6இல் பூஸ்டர் நல்லாகத்தான் வந்தது. புறப்பட்டபோது கோபுரத்துக்கு ஏதோ ஆகி, கோபுரம் தன்னைத்தானே சோதித்து "நான் பிடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டது, பூஸ்டர் கடலில் இறங்கியது. தண்ணீர்க் கேள்வியில் சொன்னதுதான், தளமும் ரொக்கெட்டின் ஒரு பாகம்.

உண்மையைச் சொல்லுங்கோ சேர், 11இல எத்தனை பாஸ்?

நீங்கள் எதற்குப் புள்ளி போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கப்பல் கட்டுப்பாட்டோடு இந்து சமுத்திரம் வரை போய் இறங்கியதா என்று பார்த்தால் பறப்பு 4, 5, 6, 10, 11, மொத்தம் ஐந்து. அதில் 4இல் ஒரு செட்டை பாதி எரிந்த நிலையிலும் இறங்கியது. மற்ற ஆறிலும் கப்பல் இடையில் போய்விட்டது. நிறுவனத்தார் எல்லாவற்றையும் "நிறையத் தரவு கிடைத்தது" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பிடிப்பதில்லை. 7, 8, 9 என்று தொடர்ந்து மூன்று கப்பல்களை இழந்தது எந்தக் கணக்கிலும் நல்ல பருவம் இல்லை. அதேநேரம் "சும்மா வாணவேடிக்கை" என்று சிரிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூன்றின் காரணமும் வேறு வேறு, அந்தக் காரணங்களால் பறப்பு 10இலோ 11இலோ ஒரு கப்பலும் அழியவில்லை.

எங்கட பெடியள் உங்க வேலைக்குப் போகலாமோ?

இந்த ரொக்கெட் தொழில்நுட்பம் அமெரிக்க ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே அமெரிக்கப் பிரசை, நிரந்தர வதிவிடம் உள்ளவர், அங்கே அகதி அந்தஸ்துப் பெற்றவர் போன்றோரைத்தான் பொதுவாக எடுப்பார்கள். கனடியப் பாஸ்போட் மட்டும் இருந்தால் காணாது என்று சொன்னபோது சித்தப்பா ஒரு கிழமை கதைக்கவில்லை.

வெல்டிங் கடை அண்ணையின் மகன் போன மாதம் வந்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் உருக்கு ஒட்டுவதைப் படிப்பிக்கிறார்களா என்று கேட்டான். ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனம் அங்கே இருக்கிறது, போய் விண்ணப்பப் படிவம் கேள் என்றேன். தகப்பன் கடையில் இப்போது நாலு மில்லித் துண்டுகளைத் தனியாக ஒரு மூலையில் அடுக்கி வைத்திருக்கிறான்.